மேகமுள்: புக் லிஸ்ட் திருத்தப் போயி கதைப்புத்தகம் தெச்ச அனுபவம்

நான் சேலத்துல டிடிபி வேலை பாக்கறேன், கல்யாணப் பத்திரிகை, பில் புக்கு, காலேஜ் ப்ராஜெக்ட்டுன்னு தினமும் தமிழ் டைப் அடிச்சே பொழுது போயிடும். ஏற்காட்டுல எங்க சித்தி வீட்டுக்குப் பக்கத்துல ஒரு சின்ன படிப்பகம் இருக்கு, ஓட்டு வீடு, ரெண்டு பீரோ, சுமாரா முந்நூறு புக்கு, எஸ்டேட் வேலைக்குப் போறவங்க பிள்ளைங்க சாயந்தரம் வந்து உக்காந்து படிக்கற எடம். மார்ச் மாசம் காப்பி பூத்து ஊரே மல்லிப்பூ வாசமா இருக்கற நேரத்துல நான் போயிருந்தேன், சித்தி "எல்லா புக்குக்கும் லேபிள் அடிச்சு ஒட்டிக் குடுத்துட்டுப் போ கண்ணு, பிள்ளைங்க தேடி எடுக்கக் கஷ்டப்படுதுங்க"ன்னாங்க. ரெண்டு ஞாயித்துக்கிழமைல முடிஞ்சிடும்னு நெனச்சு சரின்னேன். ஆறு மாசம் ஆச்சு, கையில 16 பக்கத்துல ஒரு கதைப்புத்தகம் இருக்கு. அது எப்படி வந்துச்சுன்னு எழுதி வெக்கறேன், இதே மாதிரி யாராவது பிள்ளைங்கள வெச்சு செய்யணும்னு நெனச்சா உதவும்.

லிஸ்ட் மூணு எடத்துலருந்து வந்துச்சு. ஒண்ணு பழைய கம்ப்யூட்டர் ஃபைல், ஒருங்குறி (யூனிகோட்) வர்றதுக்கு முன்னாடி இருந்த ஃபாண்ட்ல அடிச்சது. ரெண்டாவது, லீவுல வந்த காலேஜ் பசங்க லேப்டாப்ல இங்கிலீஷ் எழுத்துல அடிச்சு தமிழா மாத்தினது. மூணாவது ஒரு கையெழுத்து நோட்டு, பாதிய ராமபாணப் பூச்சி தின்னுடுச்சு. மூணையும் ஒண்ணா சேத்து, ப்ரூஃப் பாக்காம லேபிள் ஷீட்டுல பிரிண்ட் போட்டு மேல எடுத்துட்டுப் போயிட்டேன்.

ஒட்டிட்டு இருக்கும்போது ஏழாவது படிக்கற ஒரு பாப்பா ஒரு லேபிள எடுத்துப் படிச்சா, "மேகமுள்". "அக்கா இது மழை பத்தின புக்கா?" தி.ஜானகிராமனோட மோகமுள் அது. கால் போயிடுச்சு. பழைய ஃபாண்ட்ல மோ அடிக்கணும்னா கொம்பு தனி கீ, ம தனி கீ, கால் தனி கீ, மாத்தும்போது அந்தக் கடைசி கால் சில எடத்துல தொலைஞ்சிடும், தொலைஞ்சா மோ வந்து மே ஆயிடும். தப்பா அடிச்சிட்டேன் குடு கண்ணு, வேற அடிச்சு எடுத்துட்டு வர்றேன்னு கைய நீட்டினேன். அவ குடுக்கல. "மேகத்துல முள்ளு இருந்தா பஸ்ஸு டயரு பஞ்சர் ஆயிடும்ல"ன்னா. வெளிய பாத்தா பனிமூட்டம் ஜன்னல் வரைக்கும் வந்து நிக்குது, எதுத்தாப்ல இருக்கற சில்வர் ஓக் மரம் கூட தெரியல. எனக்கு ஒடம்பு சிலுத்துப் போச்சு. இத விடக் கூடாதுன்னு அப்பவே முடிவு பண்ணிட்டேன்.

அன்னைக்கு ராத்திரி சித்தி வீட்டுல உக்காந்து முந்நூறு லேபிளயும் படிச்சேன். நாப்பதுக்கு மேல தப்பு. அதுல பாதி சும்மா தப்பு, ஒண்ணுக்கும் ஒதவாது, "பார்த்திபன் கணவு"ன்னு ஒண்ணு இருந்துச்சு, கணவுன்னு ஒரு வார்த்தையே கெடையாது, தள்ளி வெச்சுட்டேன். மிச்சத்துல எழுத்து மாறியும் ஒரு அர்த்தம் நிக்குது. ஷிஃப்ட் அமுக்காம விட்டா ள வந்து ல ஆயிடும், ற வந்து ர ஆயிடும், ண வந்து ன ஆயிடும், காலேஜ் பசங்க லிஸ்ட் முழுக்க இந்த வகை. அதுல சிக்கினது சுந்தர ராமசாமியோட நாவல், "ஒரு புலியமரத்தின் கதை". நோட்டுல சபதத்துல இருந்த ப மேல பேனா மை ஒரு சொட்டு விழுந்து புள்ளி ஆயிடுச்சு, கல்கி எழுதினது "சிவகாமியின் சப்தம்"னு நிக்குது. நாகம்மாள்ல மொதக் கால பூச்சி தின்னுட்டு நகம்மாள். அம்மா வந்தாள்ல இருந்த மா மட்டும் எழுதினவங்க கை வளைஞ்சு சுழி மாதிரி மேல ஏறிப் போச்சு, நான் அத மி-ன்னு படிச்சு அடிச்சிருக்கேன், "அம்மி வந்தாள்".

அடுத்த வாரம் பிள்ளைங்க கிட்ட இந்த லிஸ்ட்டக் காட்டி, ஒவ்வொண்ணுக்கும் சிரிப்புக் கதை ஒண்ணு யோசிக்கலாமான்னு கேட்டேன். ஒம்போது பேரு. மொத நாள் சரியா வரல. லிஸ்ட்டுல இல்லாதத எல்லாம் அவங்களே கெளப்ப ஆரம்பிச்சுட்டாங்க, பொன்னியின் செல்போன், அலை தோசைன்னு. தலைப்பு சொன்னவொடனே எல்லாரும் உருண்டு சிரிக்கறாங்க, அப்பறம் கதை என்னன்னு கேட்டா ஒண்ணும் இல்ல. செல்போன் இருக்கு, அப்பறம்? தலைப்புலயே எல்லா சிரிப்பும் செலவாயிடுச்சு. அதனால ஒரு விதி வெச்சோம்: தப்பு நெஜமா நடந்ததா இருக்கணும், யாரோ ஒருத்தர் கையோ கீபோர்டோ பூச்சியோ பண்ணினதா இருக்கணும், வேணும்னே மாத்தக் கூடாது. ஏன்னா நெஜமா நடக்கற தப்பு ரொம்பச் சின்னதா இருக்கும், ஒரு கால், ஒரு புள்ளி, அவ்ளோதான், படிக்கறவங்களுக்கு பழைய தலைப்பு பின்னாடி கேட்டுட்டே இருக்கும். அந்த சத்தம் கேக்கற வரைக்கும்தான் சிரிப்பு.

ரெண்டாவது விஷயம் சிவகாமி கதை எழுதும்போதுதான் தெரிஞ்சுது. கல்கியோட சிவகாமி நாட்டியக்காரி, ஆயனச் சிற்பி பொண்ணு, வாதாபி எரியற வரைக்கும் அங்கருந்து வரமாட்டேன்னு சபதம் போட்டவ. சபதம் போயி சப்தம்னு ஆனா என்ன சத்தம்? சலங்கை கட்டினவ, சேலத்துல அது கொலுசாத்தான் இருக்கணும், இங்க செவ்வாப்பேட்டை, சிவதாபுரம் பக்கம் வெள்ளிக் கொலுசு பட்டறை வீட்டுக்கு வீடு இருக்கு. எங்க சிவகாமி கொலுசுல மணி கோக்கறவ. ஒரு மாமியார் வந்து "மருமக எந்த ரூம்ல நிக்கறான்னு எனக்கு வாசத்திண்ணைல கேக்கணும், அப்படி சத்தமா ஒரு கொலுசு"ன்னு சொல்லிட்டுப் போறாங்க. மறுநாள் அந்த மருமகளே வந்து "அக்கா, ராத்திரி ஃப்ரிட்ஜ் தொறக்கப் போனா ஒரு சின்ன சத்தம் கூட வரக் கூடாது"ன்னு கெஞ்சறா. ரெண்டும் ஒரே ஜோடி கொலுசு. ரெண்டு பேருக்கும் சிவகாமி தலைல அடிச்சு சத்தியம் பண்ணிடறா.

இதுக்கு மேல கதை நகரல, ரெண்டு வாரம் நின்னு போச்சு. கடைக்கு வர்ற ஒரு பட்டறைக்காரர் கிட்ட கேட்டு நேர்ல போயிப் பாத்தேன். மர டெஸ்க்கு, மேல மஞ்ச லைட்டு, தட்டு நெறைய மொளகு சைஸ் மணிங்க. அண்ணன் ஒவ்வொண்ணா எடுத்து காதுகிட்ட வெச்சு ஆட்டறாரு, சத்தம் வந்தா வலது பக்கம், வரலைன்னா இடது பக்கம். கண்ணாலயே பாக்கல, காது மட்டும்தான். உள்ள ஒரு குட்டி முத்து இருக்கும்மா, அது விழலைன்னா மணி ஊமைன்னாரு. அந்த இடது பக்கக் குவியலப் பாத்த நிமிஷம் கதை தொறந்துடுச்சு. சிவகாமி வலது கால் கொலுசுக்கு முத்து போட்ட மணி, இடது கால் கொலுசுக்கு ஊமை மணி கோத்துக் குடுத்துடறா. மருமக பகல்ல சாதாரணமா நடக்கறா, மாமியாருக்கு கேக்குது, சந்தோஷம். ராத்திரி வலது கால மடக்கிட்டு இடது கால்ல நொண்டி அடிச்சே ஃப்ரிட்ஜுக்குப் போறா, கொலுசு சத்தம் இல்ல, ஆனா தொம் தொம்னு வீடே அதிருது, மாமியார் பேய்னு பயந்து வேப்பெலை கட்டறாங்க. கடைசில ஒரு ராத்திரி மருமக நொண்டி அடிச்சுப் போயி ஃப்ரிட்ஜத் தொறந்தா அங்க ஏற்கனவே மாமியார் உக்காந்து மாம்பழம் சாப்ட்டுட்டு இருக்காங்க, கால்ல மெட்டிய கழட்டி மடில வெச்சிக்கிட்டு.

நொண்டி ஐடியா ஒம்போதாவது படிக்கற பையனோடது, மெட்டி ஐடியா மேகமுள் பாப்பாவோடது, நான் பண்ணினது மணி விஷயம் மட்டும். எழுதி முடிச்சுப் படிச்சுப் பாக்கும்போதுதான் கவனிச்சேன், தலைப்புல தொலைஞ்சு போன சபதம் கதைக்குள்ள சத்தியமா திரும்பி வந்துடுச்சு. யாரும் யோசிச்சு வெக்கல. அதுக்கப்பறம் மத்த கதைக்கெல்லாம் இதையே அளவுகோலா வெச்சோம்: தலைப்புலருந்து விழுந்த வார்த்தை கதைல எங்கயாவது ஒரு எடத்துல வந்து நிக்கணும். வந்துட்டா கதை முடிஞ்சுதுன்னு அர்த்தம். வரலைன்னா இன்னும் வேல இருக்கு.

புலியமரத்துக்கு இத வெச்சுப் பாத்தோம். சுந்தர ராமசாமி 1966-ல எழுதின அந்த நாவல்ல புளியமரம் மனுஷங்களோட சண்டைல செத்துப் போயிடும், பிள்ளைங்களுக்கு அத சொன்னப்ப மூஞ்சி எல்லாம் வாடிப் போச்சு. அதனால நம்ம கதைல மரம் பொழைக்கணும்னு ஒரே பிடிவாதம். ரோடு அகலப்படுத்தறதுக்காக மரத்த வெட்ட ஆளுங்க வர்றாங்க, பஸ் ஸ்டாப் போர்டுல "புலியமரம்"னு எழுதியிருக்கு, எறங்கினவங்க அப்படியே வண்டில ஏறி கண்ணாடிய ஏத்திக்கறாங்க. ஃபாரஸ்ட்காரங்க வந்து கேமரா மாட்டறாங்க, ஒரு வாரம் கழிச்சுப் பாத்தா அதுல ஒரு பூனை மட்டும் நூத்திப்பத்து போட்டோ. அத பெருசு பண்ணிப் பாத்தா புலி மாதிரியே இருக்குன்னு ஒருத்தர் சொல்ல, குட்டியா இருக்கும்னு இன்னொருத்தர் சொல்ல, கடைசில ரோட்டையே வளைச்சு மரத்தச் சுத்திப் போடறாங்க, அந்த ஊருக்கு ஒரு கொண்டை ஊசி வளைவு கெடைக்குது. மரத்தடில சாக்கு விரிச்சு வியாபாரம் பண்ற பாட்டி மட்டும் எல்லார் கிட்டயும் ஒரே பதில்தான் சொல்லும், "புலி இருக்குதோ இல்லியோ எனக்குத் தெரியாது சாமி, புளி இருக்கு, கொட்டை எடுத்ததா எடுக்காததா?" பாட்டி பேசினவொடனே எல்லாரும் கை தட்டிட்டாங்க, புளி திரும்பி வந்துடுச்சு.

அம்மி வந்தாள் எனக்கு ரொம்பப் புடிச்ச கதை. ஜானகிராமனோடதுதான் மூலம், இதுவும் 1966. எங்க கதைல மகன் ஏற்காட்டுல எஸ்டேட் ரைட்டர், அம்மா சேலத்துல, மலைக்கு வரவே மாட்டேங்கறாங்க, குளுரு ஆகாது, அக்கம்பக்கத்துல பேச ஆள் இல்லன்னு. ஆனா மிக்சில அரைச்ச சட்னி மகனுக்கு ஒத்துக்காதுன்னு அம்மிய மட்டும் பஸ்ல ஏத்தி விடறாங்க. சேலத்துலருந்து ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொரு வளைவுலயும் அம்மி சீட்டுக்கடியிலருந்து கெளம்பி பஸ்ஸோட இந்தக் கடைசிக்கும் அந்தக் கடைசிக்கும் உருண்டு போகுது, எல்லாரும் கால தூக்கி சீட்டு மேல வெச்சிக்கறாங்க. கண்டக்டர் பேச்சு முழுக்க பிள்ளைங்க எழுதினது, நான் ஒரு எழுத்து கூட தொடல:

"யாருதுங்க இந்தக் கல்லு? லக்கேஜ் டிக்கெட் எடுக்கணும்."

"கல்லு இல்லீங்கண்ணா, அம்மி."

"அம்மின்னா தனியா வரக் கூடாது. கொழவி எங்க?"

"கொழவி அம்மா கிட்ட இருக்குங்க."

"அப்ப அம்மாவ வரச் சொல்லு, அது வரைக்கும் இது பாதி டிக்கெட்."

இதுலயே கதை முடிஞ்சு போச்சு, பாருங்க. அம்மி மேல போயி சேந்துடுச்சு, கொழவி கீழ அம்மா கிட்ட. கொழவிய எடுத்துட்டு அம்மா வந்துதானே ஆகணும். கடைசி வரி "அம்மா வந்தாள்". அத வாசிச்சப்ப சித்தி கண்ணத் தொடச்சிக்கிட்டாங்க.

நகம்மாள் சின்னது, ரெண்டே பக்கம். ஆர்.ஷண்முகசுந்தரம் 1942-ல கொங்கு பேச்சுத் தமிழ்ல எழுதின நாகம்மாள்ல நெலத்த பங்கு பிரிக்கறதுதான் பிரச்சன, அத அப்படியே எடுத்துக்கிட்டோம். நீளமா நகம் வளக்கற ஒரு அக்கா, நகக்கண் அளவு எடம் கூட விட்டுத் தர மாட்டேன்னு வேலி ஓரம் நிக்கறா, சர்வேயர் டேப்ப வாங்கித் தூரப் போட்டுட்டு நகத்தாலயே அளக்கறா, பாதில ஒரு நகம் ஒடஞ்சு போயி கணக்கு தப்பிடுது.

பொன்னியின் செல்வன்ல ஒரு சிக்கல். பழைய ஃபாண்ட் தப்புல கால் மட்டும் போயி "பென்னியின் செல்வன்"னுதான் இருந்துச்சு. ஒரு பையன் மீதி இருந்த கொம்பையும் கைல சொரண்டி எடுத்துட்டு பன்னியின் செல்வன்னு காட்டினான். விதிப்படி செல்லாது, வேணும்னே மாத்தினது, அதுவும் இல்லாம பன்னின்னு சொல்லி யாரையாவது திட்டற கதையாயிடுமோன்னு எனக்கு பயம். அவன் சொன்னான், "இல்லக்கா, எங்க அப்பா வெள்ளப்பன்னி வளக்கறாரு, குட்டி போட்டா ராத்திரி பூரா முழிச்சிருப்பாரு, அது ராஜா மாதிரிதான் வளரும்." 1950-லருந்து 54 வரைக்கும் நாடு பூரா வாரா வாரம் காத்திருந்து படிச்ச ராஜா கதைக்குப் பக்கத்துல இவன் அப்பாவோட தொழுவத்த வெக்கறான், அதுல கேலியே இல்ல. விதிய ஒரு தடவ தளத்திட்டேன். பதினோரு குட்டில கடைசியா பொறந்தது பட்டத்துக்கு வர்ற கதை, நல்லா வந்திருக்கு. ஆனா 1879-ல வந்த மொத தமிழ் நாவல், வேதநாயகம் பிள்ளை எழுதின பிரதாப முதலியார் சரித்திரம், அதோட தலைப்புல ஒரு எழுத்து மாறி முதலைன்னு வந்திருந்துச்சு, காவிரி முதலைக்கு மரியாதை குடுத்துக் கூப்பிடற மாதிரி சிரிப்பாத்தான் இருந்துச்சு. அத விட்டுட்டோம். அது ஒரு சமூகத்தோட பேரு, படிக்கறவங்க ஒருத்தர் மனசு சுருங்கினாலும் சிரிப்பு போச்சு.

இனி புக்கு செஞ்ச விஷயம். ஏ4 பேப்பர் நாலு, நடுவுல மடிச்சா 16 பக்கம். வரிசையா பிரிண்ட் போட்டா மடிக்கும்போது எல்லாம் கலைஞ்சிடும். வெளித் தாள்ல ஒரு பக்கம் 16-உம் 1-உம், அதுக்குப் பின்னாடி 2-உம் 15-உம், இப்படியே உள்ள போகணும். பிள்ளைங்களுக்கு நான் சொல்லிக் குடுத்த கணக்கு, பக்கத்துல பக்கத்துல வர்ற ரெண்டு நம்பரையும் கூட்டினா எப்பவும் 17 வரணும், வரலைன்னா தாள் தப்பு. மூணாவது படிக்கற வாண்டு கூட அத வெச்சு செக் பண்ணிடுச்சு. எழுத்து 12 சைஸ்ல போட்டிருந்தேன், படிப்பகத்துல ஒரே ட்யூப்லைட்டு, கண்ணு வலிக்குதுன்னாங்க, 14 ஆக்கினேன், அதனால நகம்மாள் ரெண்டு பக்கத்துக்குள்ள சுருங்கிச்சு. சொல்லப் போனா சுருங்கினது நல்லதுக்குத்தான்.

சாதாரண ஸ்டேப்ளர் நடு மடிப்பு வரைக்கும் எட்டாது, அதனால தெச்சோம். கனமான ஊசி, மெழுகு தடவின நூலு, மடிப்புல மூணு ஓட்ட, நடு ஓட்டைல உள்ளருந்து ஆரம்பிச்சு மேல போயி கீழ வந்து திரும்ப நடுவுலயே முடிச்சுப் போடணும், முடிச்சு உள்பக்கம் இருந்தா அட்டை மேல தட்டாது. அட்டைக்கு பசை எங்க பைண்டிங் அண்ணன் சொன்ன மாதிரி மைதா காச்சி, பூச்சி வராம இருக்க துளி மயில்துத்தம் போட்டேன். மயில்துத்தம் வெஷம், அந்த வேலைய பிள்ளைங்க கைல குடுக்கவே கூடாது, நானே கீழ கடைல காச்சி ஆற வெச்சு தடவினேன். மொத பத்து காப்பிய மேல எடுத்துட்டுப் போயி ஒட்டினது பெரிய தப்பு, சேலம் வெயில்ல ஒரு மணி நேரத்துல காயற பசை ஏற்காட்டு ஜூலை ஈரத்துல ரெண்டு நாளாயும் காயல, அட்டை எல்லாம் அப்பளம் மாதிரி சுருண்டுகிச்சு. அந்தப் பத்தும் போச்சு. ரெண்டாவது தடவ எல்லாத்தையும் கீழயே ஒட்டி, மரப்பலக வெச்சு மேல நாலு டிக்‌ஷ்னரி பாரம் ஏத்தி, ஒரு ராத்திரி விட்டுட்டுத்தான் எடுத்துட்டுப் போனேன், நேரா நின்னுச்சு.

லேபிளையும் விடல. முந்நூறயும் திரும்ப ப்ரூஃப் பாத்து சரியான தலைப்போட ஒட்டியாச்சு, நாவலுங்க அதுங்க பேர்லதான் இருக்கணும், அதுல எனக்கு ரெண்டாவது யோசனையே இல்ல. தப்பான லேபிளுங்கள மட்டும் எங்க புத்தகத்துல அந்தந்தக் கதைக்கு மேல தலைப்பா ஒட்டிட்டோம், பூச்சி தின்ன நகம்மாள் கூட அப்படியே, பழைய நோட்டுலருந்து வெட்டி. நொண்டி ஐடியா குடுத்த பையன் போன வாரம் புளியமரத்தின் கதைய வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிருக்கான், மரம் எந்த எடத்துல சாவுதுன்னு பாக்கணுமாம்.

மேகமுள் கதை கடைசில வந்துச்சு, அது பாப்பாவோடது, நான் சொல்லப் போறதில்ல, ஆறாவது வளைவுல பஞ்சர் கடை வெச்சிருக்கறவருக்கு மொளகா பஜ்ஜி மேல இருக்கற மோகம் பத்தினதுன்னு மட்டும் வெச்சிக்கங்க.

அடுத்த புத்தகத்துக்கு தலைப்பு தேடிட்டு இருக்கோம். போன ஞாயித்துக்கிழம மழைல மாட்டிட்டு படிப்பகத்துலயே உக்காந்திருந்தப்ப, நான் மொதல்ல தள்ளி வெச்ச குப்பை லேபிள் கவர மேகமுள் பாப்பா எடுத்துக் கொட்டி ஒவ்வொண்ணா பாத்துட்டு இருந்தா. "அக்கா, பார்த்திபன் கணவு ஏன் வேணாம்னீங்க?"

"கணவுன்னு வார்த்தையே இல்லியேம்மா."

"கணவன்ல பாதி வேலைக்குப் போயி பாதி வீட்டுல இருந்தா கணவு தானக்கா."

ரெண்டு பக்கம் எழுதிட்டா. கனவு எங்க திரும்பி வரும்னு கேட்டேன், பாதி மட்டும்தான் தூங்குமாம், பாதிக் கனவு வருமாம், மிச்சத்த யோசிச்சுட்டு இருக்கா.